டி ஆன்சாவிலிருந்து செமஸ்டர் காலேஜுக்கு மாறினால், யூ.சி. போகும்போது யூனிட் குறையுமா?

மணல்வீடு கேட்டது:

வணக்கம். மகன் 2025 இலையுதிர் குவார்ட்டரில் கலிஃபோர்னியாவில் டி ஆன்சா என்ற ஈராண்டுக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். இந்த ஜூனோடு மூன்று குவார்ட்டர் முடிகிறது. அடுத்த ஆண்டு இலையுதிரில் யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர வேண்டும். இடையில் நாங்கள் வீடு மாறுகிறோம். புது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் செமஸ்டர் முறையில் நடப்பது.

முடித்த பாடங்கள்: கால்குலஸில் மேத் 1ஏ, 1பி, புரோகிராமிங்கில் சி.ஐ.எஸ். 22ஏ, 22பி, ஆங்கிலம் சி1000, சி1001, மீதி பொதுப்பாடங்கள். மொத்தம் 44 குவார்ட்டர் யூனிட் (கிரெடிட்). பொதுப்பாடங்களில் ஒன்றை, 4 யூனிட், எழுத்துக் கிரேடு இல்லாத பாஸ்/நோ பாஸ் முறையில் எடுத்தான். பள்ளியில் எழுதிய, கல்லூரி அளவிலான அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் கால்குலஸ் ஏபி தேர்வில் 4 மதிப்பெண். அதற்கு யூ.சி. 4 குவார்ட்டர் யூனிட் தரும் என்பதால் 48 என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

கேட்க வேண்டியது மூன்று. புது காலேஜுக்கு மாறினால் இந்த 48-ல் எத்தனை கூட வரும்? கணக்கில் அங்கே கால்குலஸ் 2-ல் சேர்ந்தால் போதுமா? சேர்க்கையை உறுதி செய்யும் டேக் ஒப்பந்தத்துக்கு 45 யூனிட் வேண்டுமாமே, 48 இருப்பதால் கவலையில்லைதானே?


எண்ணிக்கை எழுதியது:

முதலில் அந்த 48-ஐச் சரிசெய்துவிடுவோம். உங்கள் கணக்கு 44-தான்.

பிளேஸ்மென்ட் தேர்வு கால்குலஸ் ஏபி-யும் மேத் 1ஏ-வும் ஒரே பாடப்பொருள். ஒரே பொருளைத் தேர்வாகவும் எழுதி காலேஜ் பாடமாகவும் படித்திருந்தால் யூ.சி. ஒன்றுக்குத்தான் யூனிட் தரும், இரண்டுக்கும் தராது. மேத் 1ஏ 5 யூனிட், கிரேடும் இருக்கிறது, அது நிற்கட்டும். தேர்வின் 4 யூனிட்டைக் கூட்டாதீர்கள். ஆனால் விண்ணப்பத்தில் அந்த மதிப்பெண்ணை மறைக்கவும் கூடாது. எழுதிய தேர்வை எழுதியபடி பதியுங்கள், கழிக்க வேண்டியதை அவர்களே கழித்துக்கொள்வார்கள்.

அடுத்து மாற்றுக் கணக்கு. 1 செமஸ்டர் யூனிட் என்பது 1.5 குவார்ட்டர் யூனிட். 44-ஐ 1.5-ஆல் வகுத்தால் 29.33 செமஸ்டர் யூனிட். யூ.சி.யில் மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். இன்னும் வேண்டியது 30.67. புது காலேஜில் இரண்டு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் 15 யூனிட் எடுத்தால் 30. முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இடிக்கும். குவார்ட்டரிலிருந்து செமஸ்டருக்குப் போகிறவர்கள் பலரும் தடுக்கி விழுவது இந்தப் பின்னத்தில்தான். டி ஆன்சாவின் 5 யூனிட் பாடம் அங்கே 3.33, 4.5 யூனிட் பாடம் சரியாக 3, 4 யூனிட் பாடம் 2.67. முழு எண்ணாக நினைத்துக் கூட்டினால் கடைசி செமஸ்டரில் ஒன்றிரண்டு யூனிட் துண்டு விழும். யூ.சி. கேட்கும் யூனிட்டை வசந்த பருவத்துக்குள் முடிக்க வேண்டும், சேரப்போகும் ஆண்டின் கோடையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட முடியாது.

யூனிட் கூட வருமா என்றால், வரும். ஒரு கம்யூனிட்டி காலேஜிலிருந்து இன்னொன்றுக்குப் போவதால் யூ.சி. எதையும் வெட்டாது, ஏனென்றால் அவர்கள் ஒவ்வொரு காலேஜின் ட்ரான்ஸ்கிரிப்டையும் (பாட, கிரேடு பட்டியல்) தனித்தனியாக வாங்கித்தான் பார்க்கிறார்கள். பாஸ்/நோ பாஸ் 4 யூனிட்டும் பிரச்சினையில்லை. 90 குவார்ட்டர் யூனிட்டில் 21 வரை அப்படி இருக்கலாம். மேஜருக்கு வேண்டிய பாடங்களை மட்டும் எழுத்துக் கிரேடில் எடுக்கச் சொல்லுங்கள்.

யூனிட் ஏறுவது வேறு, பாடம் பொருந்துவது வேறு. ஒரு பாடம் யூ.சி.க்கு மாறும் என்பது முதல் படி. அது பொதுக்கல்வித் தேவையில் ஒரு கட்டத்தை நிரப்புகிறதா என்பது இரண்டாவது. தம்பி சேரப்போகும் வளாகத்தில், அவர் கேட்கும் மேஜரில், குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு ஈடாக நிற்கிறதா என்பது மூன்றாவது. 60 யூனிட் நிறைந்தும் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைக்காமல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவதில்தான் ஓட்டை இருக்கும்.

அதைப் பார்க்க, எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளம் ஒன்றே போதும். கல்வியாண்டு, இப்போதைய காலேஜ், போகவிருக்கும் வளாகம் மூன்றையும் கொடுத்து மேஜர்வாரிப் பட்டியலைத் திறக்க வேண்டும். இடப்பக்கம் யூ.சி. பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான கம்யூனிட்டி காலேஜ் பாடம். வலப்பக்கம் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவே 'அண்ட்' என்று இருந்தால் அத்தனையும் முடிக்க வேண்டும். பாதி முடித்தால் இடப்பக்கப் பாடம் பூஜ்யம். 'ஆர்' என்றால் ஒன்று போதும். 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்றிருந்தால் அந்தக் காலேஜில் அதற்கு ஈடு கிடையாது, வேறு காலேஜில் எடுக்க வேண்டும் அல்லது யூ.சி. போய்ப் படிக்க வேண்டும். டி ஆன்சாவில் எடுத்த பாடங்களுக்கு டி ஆன்சா பக்கத்தை, எடுத்த ஆண்டைப் போட்டுப் பாருங்கள். புது காலேஜில் எடுக்கப் போவதற்கு அதன் பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் எழுதினால் எங்கே இடைவெளி என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆங்கிலப் பாட எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 இலையுதிரிலிருந்து கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள் சில பாடங்களுக்குப் பொது எண் கொடுத்துவிட்டன. சி1000 என்பது எங்கே எடுத்தாலும் அதே பாடம். புது காலேஜின் பழைய கேட்டலாக்கில் வேறு எண் இருக்கிறதே என்று அதை மறுபடி எடுத்தால் இரட்டிப்பு, யூனிட் கிடைக்காது.


முக்கோணம் எழுதியது:

கால்குலஸைப் பற்றி மட்டும் சொல்றேன். எங்கே மாறினாலும் மாறுங்க, தொடர் நடுவுல மட்டும் மாறாதீங்க.

காரணம் இதுதான். டி ஆன்சாவுல கால்குலஸ் நாலு துண்டு. 1ஏ-ல லிமிட், டெரிவேட்டிவ். 1பி-ல இன்டெகரல், அதைப் போடும் முறைகள். 1சி-ல முடிவிலாத் தொடர்கள், வெக்டர். 1டி-ல பார்ஷியல் டெரிவேட்டிவ், மல்டிபிள் இன்டெகரல். செமஸ்டர் காலேஜ்ல இதே சரக்கை மூணாப் பிரிச்சிருப்பாங்க: கால்குலஸ் 1 இன்டெகரல் ஆரம்பத்தோட நிக்கும், 2-ல இன்டெகரல் முறைகளும் தொடர்களும், 3-ல வெக்டரிலிருந்து மீதி எல்லாம்.

இப்ப தம்பி 1பி முடிச்ச கையோட கால்குலஸ் 2-ல சேர்ந்தா, முதல் பாதி 1பி-ல படிச்சதே. வகுப்புல சேர்த்துக்குவாங்க, பாஸும் ஆயிடுவார். ஆனா யூ.சி.யில் கணக்குப் பார்க்கறவங்களுக்கு 1பி-யும் கால்குலஸ் 2-ம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். சேர்ந்து வர்ற பகுதிக்கு யூனிட் கழியலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அசிஸ்ட்ல டி ஆன்சா பக்கத்துல 1ஏ, 1பி, 1சி எல்லாம் 'அண்ட்' போட்டுக் கோத்திருக்கும். புது காலேஜ் பக்கத்துல அவங்க பாடங்கள் கோத்திருக்கும். பாதி இங்க, பாதி அங்க எடுத்த கலவைக்கு எந்தப் பக்கத்துலயும் வரி கிடையாது. ஒவ்வொரு வளாகமும் தனியாப் பார்த்துத் தீர்ப்பு சொல்லணும். அந்தத் தீர்ப்பு அட்மிஷனுக்கு முன்னாடி கிடைக்காது.

அதனால இந்தக் கோடையில டி ஆன்சாவுலயே 1சி எடுக்கச் சொல்லுங்க. வழியிருந்தா ஆன்லைன் வகுப்பு. ஆறு வாரத்துல 5 யூனிட் கணக்குன்னா பாரம் அதிகம், கோடையில வேற பாடம் வேணாம். இலையுதிர்ல புது காலேஜுக்குப் போனாலும் டி ஆன்சாவுல 1டி மட்டும் ஆன்லைன்ல எடுத்து முடிக்கலாம். ஒரே நேரத்துல ரெண்டு கம்யூனிட்டி காலேஜ்ல படிக்கறதுக்குத் தடையில்லை. செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியில ஆரம்பிச்சிடும், குவார்ட்டர் செப்டம்பர் கடைசியில்தான். ரெண்டும் டிசம்பர்ல ஒண்ணா முடியும், தேர்வுகள் ஒரே வாரத்துல விழாம தேதி பார்த்து வச்சுக்கணும்.

சி.ஐ.எஸ். 22 தொடருக்கும் இதே கதை. 22சி-தான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். அதை டி ஆன்சாவிலேயே முடிச்சா சி++ தொடர் முழுசாப் போகும். புது காலேஜ்ல ஜாவாவுல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தா சில வளாகம் ஏத்துக்கும், சிலது கேள்வி கேட்கும். இயற்பியல் இன்னும் தொடங்கலைன்னு எழுதினதிலிருந்து தெரியுது, அது நல்லது. அதை முழுக்கப் புது காலேஜ்லயே முதல் பாடத்திலிருந்து எடுக்கட்டும்.


மணல்வீடு எழுதியது:

இருவருக்கும் நன்றிங்க. 48 என்று நம்பிக்கொண்டிருந்தோம். 44 என்றால் டேக் விண்ணப்பிக்கவே முடியாதா? புது காலேஜில் சேரும்போது 1பி முடித்திருப்பது அவர்களுக்குத் தானாகத் தெரியுமா? பொதுக்கல்விச் சான்றிதழை எந்தக் காலேஜில் வாங்குவது?


தெற்குவாசல் எழுதியது:

டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதைச் சமர்ப்பிக்கும் நாளில் யூ.சி.க்கு மாறக்கூடிய 30 செமஸ்டர் யூனிட் அல்லது 45 குவார்ட்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். 44 என்பதால் ஒரே ஒரு யூனிட் குறை. மேலே சொன்ன 1சி-யைக் கோடையில் முடித்தால் 49 ஆகிவிடும், அந்தத் தடை நீங்கும். கோடை கிரேடு ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறிவிட்டதா என்று ஆகஸ்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒருவேளை 1சி வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் கோடையில் ஒரு பொதுப்பாடமாவது எடுத்தே ஆக வேண்டும்.

டேக் தரும் வளாகங்கள் ஆறு: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் கிடையாது. ஆறில் ஒன்றுக்குத்தான் போட முடியும். வளாகம் தருகிறது என்பதற்காக மேஜரும் தருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சாண்டா பார்பராவின் பொறியியல் கல்லூரிக்கு டேக் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கே பொறியியல் கல்லூரியில்தான் இருக்கிறது. மற்ற வளாகங்களிலும் இந்த மேஜரைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக இருக்கிறார்கள். யூ.சி. ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் டேக் அட்டவணையில் அந்த ஆண்டுக்கான நிலை இருக்கும், போன ஆண்டு அட்டவணையை வைத்துத் திட்டம் போட வேண்டாம். டேக் போட்டாலும் பொது விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். அது அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதி வரை.

இரண்டாவது கேள்விக்கு: தானாகத் தெரியாது. புது காலேஜின் கணினிக்குத் தம்பி புதியவர். கணக்கில் அடுத்த பாடத்தையோ இயற்பியலையோ சொடுக்கினால் முன்தேவை இல்லை என்று தள்ளிவிடும். செய்ய வேண்டியது இது. சி.சி.சி. அப்ளை என்ற கம்யூனிட்டி காலேஜ் இணைய விண்ணப்பம் மூலம் விண்ணப்பித்து மாணவர் எண் வாங்க வேண்டும். டி ஆன்சாவிலிருந்து அதிகாரப்பூர்வ ட்ரான்ஸ்கிரிப்டைப் புது காலேஜுக்கு மின்வழியில் அனுப்பச் சொல்ல வேண்டும். பிறகு முன்தேவை விலக்குப் படிவம், அதாவது பிரீரெக்விசிட் கிளியரன்ஸ், ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக நிரப்ப வேண்டும். ட்ரான்ஸ்கிரிப்டை அனுப்பினாலே போதும் என்று பலர் படிவத்தை விட்டுவிடுகிறார்கள். ட்ரான்ஸ்கிரிப்ட் ஒரு மேசைக்குப் போகிறது, படிவம் வேறு மேசைக்கு. பதிவு நாளுக்கு மூன்று வாரம் முன்பே இதைக் கொடுத்துவிடுங்கள். புது மாணவருக்குப் பதிவு வரிசை பின்னால்தான் இருக்கும், அந்த நாளில் படிவம் நிலுவையில் இருந்தால் கணக்கு வகுப்பு நிரம்பிவிடும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் முதல் இரண்டு ட்ரான்ஸ்கிரிப்டுக்குக் கட்டணம் இல்லை. ஒன்றை இதற்கு வையுங்கள், இன்னொன்றைக் கடைசியில் யூ.சி.க்கு அனுப்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுக்கல்வி: 2025 இலையுதிரில் சேர்ந்தவர் என்பதால் ஐ.ஜி.இ.டி.சி. என்ற பழைய பொதுக்கல்விப் பட்டியல் அவருக்குக் கிடையாது, அதற்குப் பதிலாக வந்த கால்-கெட்சி பட்டியல்தான். 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட். ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல். டி வாங்கினால் யூனிட் ஏறும், கட்டம் நிரம்பாது. வாய்மொழித் தொடர்புப் பாடம் ஒன்று, இனவியல் (எத்னிக் ஸ்டடீஸ்) பாடம் ஒன்று, இரண்டும் அதில் கட்டாயம். சான்றிதழைக் கடைசியாகப் படித்த கம்யூனிட்டி காலேஜ்தான் தரும், டி ஆன்சா பாடங்களையும் சேர்த்தே தரும். டி ஆன்சா தன் பட்டியலில் அந்தப் பாடத்தை எந்தக் கட்டத்தில் வைத்திருந்ததோ அதையே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் தானாக வராது, கவுன்சலரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் என் கருத்து: கணக்கு, புரோகிராமிங், இயற்பியல் மூன்றும் முதலில். கால்-கெட்சி முழுமையாக முடியாமல் போனால் மீதியை யூ.சி.யில் படித்துக்கொள்ளலாம். கணக்குத் தொடர் பாதியில் நின்றால் அதற்கு அங்கே மருந்து இல்லை. கால்-கெட்சியை விட்டாலும் விட முடியாத ஏழு பாடங்கள் உண்டு: ஆங்கிலம் இரண்டு, கணக்கு ஒன்று, கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் என்ற துறைகளில் குறைந்தது இரண்டு துறைகளிலிருந்து மொத்தம் நான்கு. ஆங்கிலம், கணக்கு தம்பிக்கு முடிந்துவிட்டன.

விண்ணப்பம் நிரப்பும்போது ஒன்று. யூ.சி. ஆரம்பத்தில் ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்பதில்லை, நாமே தட்டச்சு செய்கிறோம். டி ஆன்சா யூனிட்டை செமஸ்டராக மாற்றி எழுதாதீர்கள். 4.5 என்று இருந்தால் 4.5. பாதியில் விட்டு டபிள்யூ வாங்கிய பாடம், ஒரே ஒரு வகுப்பு எடுத்த காலேஜ், எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஜனவரி 31-க்குள் இலையுதிர் கிரேடுகளையும் வசந்தத்தில் எடுக்கும் பாடங்களையும் புதுப்பிக்க ஒரு படிவம் வரும். சேர்க்கை கிடைத்தபின் ஜூலை 1-க்குள் ஒவ்வொரு காலேஜிலிருந்தும் இறுதி ட்ரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும். விடுபட்ட ஒரு காலேஜ் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டால் கிடைத்த இடமே ரத்தாகலாம்.

பழைய ஜி.பி.ஏ. சேர்க்கைக்குத்தான். யூ.சி.யில் கால் வைத்ததும் ஜி.பி.ஏ. புதிதாகத் தொடங்கும், யூனிட் மட்டும் கூட வரும்.


புன்னைநிழல் கேட்டது:

இதே திரியில் ஒரு கேள்வி. தங்கை மகள் தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. முதலாண்டு முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள். அந்த கிரெடிட் இங்கே கம்யூனிட்டி காலேஜில் செல்லுமா?


எண்ணிக்கை எழுதியது:

கொஞ்சம் செல்லும், எதிர்பார்க்கிற இடத்தில் செல்லாது. 2021 ரெகுலேஷன் பாடத்திட்டம் என்றால் முதல் செமஸ்டர் கணக்கைப் பாருங்கள்: எம்.ஏ.3151, மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், 4 கிரெடிட். அதன் ஐந்து பாடப்பகுதிகளில் மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ், பல மாறிச் சார்புகள், இன்டெகரல், மல்டிபிள் இன்டெகரல் எல்லாம் வந்துவிடும். இங்கே லீனியர் அல்ஜிப்ரா, கால்குலஸ் தொடர் என்று நான்கு பாடமாகப் பரவிக் கிடப்பதை அங்கே ஒரே செமஸ்டரில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் அது இங்குள்ள எந்த ஒரு பாடத்துக்கும் முழு ஈடாக நிற்பது கடினம். விருப்பப் பாட யூனிட்டாக ஏறினால் போதும் என்று வைத்து, கால்குலஸை இங்கேயே முதலிலிருந்து ஒரே காலேஜில் எடுப்பது பாதுகாப்பு. நன்றாகப் படித்த பெண்ணுக்கு முதல் பாடம் சுலபமாகவே இருக்கும், ஜி.பி.ஏ.வுக்கும் அது நல்லது.

காகித வேலை இரண்டு விதம். கம்யூனிட்டி காலேஜ், வெளிநாட்டு மதிப்பெண்ணை மதிப்பிடும் நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். மொத்தமாகப் பட்டப்படிப்பு அளவில் அல்ல, பாடவாரியான அறிக்கை வேண்டும். எந்தெந்த நிறுவனத்தை ஏற்பார்கள் என்ற பட்டியலைக் காலேஜிடம் வாங்கிவிட்டுத்தான் பணம் கட்டுங்கள். யூ.சி.க்கு அந்த அறிக்கை வேண்டாம், மதிப்பெண் பட்டியலில் இருக்கிறபடியே பதியச் சொல்வார்கள். அமெரிக்க கிரேடாக மாற்றக் கூடாது. இரண்டுக்கும் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தரும் ட்ரான்ஸ்கிரிப்ட் தேவைப்படும், கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட நகல் போதாது. ஊரில் யாராவது இருக்கும்போதே அதற்கு விண்ணப்பித்து, உறையைப் பிரிக்காமல் இரண்டு மூன்று செட் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ் பக்கத்தையும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற வரியோடு, இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேஷன் மாறியபின் பழைய சிலபஸைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அந்த ஓராண்டைச் சொல்லாமல் விட்டுப் புது மாணவியாகச் சேரலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். எந்த நாட்டுக் கல்லூரியாக இருந்தாலும் சேர்ந்திருந்தால் எழுதியே ஆக வேண்டும்.


முக்கோணம் எழுதியது:

மணல்வீடு, ஒண்ணு விட்டுப்போச்சு. டி ஆன்சா கோடைப் பதிவு தொடங்கின பிறகு 1சி ஆன்லைன் பிரிவு முதல்ல நிரம்பும். காத்திருப்போர் பட்டியல்ல இருந்தாலும் முதல் நாள் வகுப்புல தலையைக் காட்டச் சொல்லுங்க, வராதவங்க இடம் அன்னைக்கே காலியாகும். 22சி-யும் 1டி-யும் இலையுதிர்ல ஒண்ணா வேணாம், புது காலேஜ்ல இயற்பியல் இருக்கும்போது மூணும் சேர்ந்தா தாங்காது. 22சி-யை குளிர்கால குவார்ட்டருக்குத் தள்ளுங்க.